நான் தோணிக் கட்சி

நடுவர் அவர்களே! "நியூசிலாந்தின் முகத்தைத் தீர்மானிப்பவர்கள் தோணியில் வந்தவர்களா, கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்களா?" என்பது தலைப்பு. நான் தோணிக் கட்சி.

எதிரணித் தோழியார் 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கையோடு கொண்டுவந்தார். ஐரோப்பிய வழியினர் 67.8 சதவீதம், தோணியில் வந்த பூர்வகுடிகளான மாவோரிகள் 17.8, ஆசியர் 17.3, பசிபிக் தீவினர் 8.9. "ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்களா ஒரு நாட்டுக்கு முகம்?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். அம்மா, அந்த நான்கையும் கூட்டிப் பார்த்தீர்களா? 111.8 வருகிறது! பிழையில்லை. அங்கே ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம். பாட்டி மாவோரி, தாத்தா ஸ்காட்லாந்துக்காரர் என்றால், பேத்தி இரண்டையும் தன்னுடையதென்று குறிக்கிறாள். அவளை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்? சமோவாத் தீவிலிருந்து விமானத்தில் வந்தவர் உங்கள் கட்சி என்கிறீர்கள். அவரும் மாவோரியும் ஒரே பசிபிக் தீவு வழியினர், பங்காளி முறை. வண்டி மாறினால் உறவு மாறிவிடுமா?

அந்தத் தோணிகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் பசிபிக் கடலின் கிழக்குப் பாலினேசியத் தீவுகளிலிருந்து புறப்பட்டவை. ஓர் இரும்பு ஆணி கிடையாது, திசைகாட்டி கிடையாது. விண்மீன், அலையின் போக்கு, பறவை பறக்கும் திசை, அவ்வளவுதான் துணை. வெறுங்கையோடும் வரவில்லை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் மொழியில் 'கூமரா' என்று பெயர். வள்ளியோடு குமரன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், சொல் தற்செயல்! வெப்பநாட்டுக் கிழங்கு அந்தக் குளிரில் அழுகிவிடும். குழி வெட்டி, மூடி, அடுத்த நடவு வரை காத்தார்கள். குடியேற்றம் என்றால் அது.

இன்றும் ஒரு மாவோரி முறைப்படி தன்னை அறிமுகப்படுத்தும்போது மலையைச் சொல்வார், ஆற்றைச் சொல்வார், முன்னோர் வந்த தோணியின் பெயரைச் சொல்வார்: தைநூய், தே அராவா என்று. எதிரணியினரே, உங்கள் விமானத்தின் பெயர் என்ன?

1896இல் ஏறத்தாழ 42,000 பேராகக் குறைந்து, அழியப்போகும் இனம் என்று எழுதப்பட்டவர்கள் இவர்கள். இன்று எட்டரை லட்சத்துக்கு மேல். 1840இல் பிரிட்டிஷ் அரசு வைதாங்கி என்ற இடத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டதும் இவர்களோடுதான். பிறகு அதை மீறி நிலத்தைப் பறித்தார்கள், உண்மை. ஆனால் இன்றும் அங்கே வழக்கும் வாதமும் அந்தக் காகிதத்தைச் சுற்றித்தானே நடக்கின்றன?

கடைசியாக அந்தத் 'தமிழ் மணி'. வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில், முகைதீன் வக்குசுவின் கப்பல் மணி என்று தமிழ் எழுத்துப் பொறித்த உடைந்த வெண்கலத் துண்டு இருக்கிறது. "நம்மவர் எப்போதோ போய்விட்டார்கள்" என்று எதிரணி நண்பர் மார்தட்டினார். மணி போனது உண்மை, மனிதர் போனதற்குச் சான்று இல்லை, ஐயா. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி அதைப் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் மணியே ஆனாலும், அந்தக் கரையில் ஒதுங்கிய பிறகு அது மாவோரி வீட்டுப் பானை!

நேரமாகிவிட்டதென்று நீங்களும் மணியை எடுக்கிறீர்கள், நடுவர் அவர்களே. அதைத் தலைகீழாக வையுங்கள். கிழங்கு வேகிற நேரமாவது எனக்குக் கிடைக்கட்டும்.