கண்ணாடியில் தெரியாத பிரபு

அவையோருக்கு வணக்கம். முன்வரிசை முழுவதும் காலியாக இருக்கிறது. எனக்கு வருத்தமில்லை. இது சீனர்களின் ஏழாம் மாதம், ஆவிகள் பூமிக்கு வந்துபோவதாக நம்பும் மாதம். சிங்கப்பூரில் அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே போடும் கேத்தாய் பாட்டுக் கச்சேரி மேடையிலும் முதல் வரிசையை ஆவிகளுக்கென்று விட்டுவைப்பார்கள். பாட்டும் கேலிப்பேச்சுமாகத்தான் அங்கே அவற்றுக்கு உபசாரம். பேயையும் சிரிப்பையும் சேர்த்துப் பேச இதைவிட நல்ல ஊர் எனக்கு எங்கே கிடைக்கும்?

நான் எடுத்துக்கொண்ட பகடிப் படம் 1995இல் மெல் புரூக்ஸ் இயக்கிய 'டிராகுலா: டெட் அண்ட் லவிங் இட்'. இரத்தம் குடிக்கும் காட்டேரிப் பிரபு டிராகுலாவாக லெஸ்லி நீல்சன். வெளிவந்தபோது விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்ட படம். பாதி வேடிக்கைகளுக்கு எனக்கும் சிரிப்பு வரவில்லை. வௌவால் எச்சத்தில் வழுக்கி விழும் பிரபுவைப் பார்த்துச் சிரிக்க எட்டு வயது இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு நடனக் காட்சி இருக்கிறது. டிராகுலா மீனா என்ற பெண்ணைத் தழுவி ஆடுகிறான். அவனை அம்பலப்படுத்த ஒரு பெரிய கண்ணாடியின் திரையை விலக்குகிறார்கள். காட்டேரிக்குப் பிம்பம் கிடையாது. ஆகவே கண்ணாடியில் அந்தப் பெண் மட்டும் அந்தரத்தில் சாய்கிறாள், சுழல்கிறாள், யாருமில்லாத காற்றைக் கட்டிக்கொண்டு ஆடுகிறாள். விருந்தினர் வாயடைத்து நிற்கிறார்கள். புரூக்ஸ் இங்கே புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. பிராம் ஸ்டோக்கர் 1897இல் 'டிராகுலா' நாவலில் எழுதிவைத்த விதியை எடுத்து, அதை அப்படியே நம்பி, கடைசிவரை கொண்டுபோனார். அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்ததும் இதுதான். பகடி செய்கிறவன் மூலத்தை மதிக்காதவன் என்கிறோம். என் அனுபவத்தில், மூலத்தை வரிக்கு வரி படித்தவன் அவன் ஒருவன்தான். பயமுறுத்தப் படம் எடுப்பவர்கள் விதிகளைத் தம் வசதிக்கு மாற்றிக்கொள்வார்கள். ஸ்டோக்கரின் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். வெயில் பட்டால் அழிவான் என்பது 1922இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' படம் சேர்த்த சரக்கு. 1931இல் வந்த 'டிராகுலா' படத்தில் பிரபுவாக நடித்த பேலா லுகோசி கோரைப்பல்லைக் காட்டவே இல்லை. நீல்சன் பேசுவதோ அந்த லுகோசியின் இழுவைப் பேச்சு. அவருடைய டிராகுலா வெயிலில் உல்லாசமாக உலாவுவதாகக் கனவு காண்கிறான். நமக்கு அது இன்பக் கனவு. அவனுக்கு அது கெட்ட கனவு, அலறி விழிக்கிறான்.

காட்டேரியை ஒழிக்க மார்பில் முளை அறையும் காட்சியும் அப்படித்தான். ஓர் அடிக்கு ஒரு குடம் இரத்தம் பீறிட்டு, முளை அறையும் ஹார்க்கரை நனைக்கிறது. 'இன்னொரு அடி' என்கிறார் காட்டேரி வேட்டையில் தேர்ந்த வான் ஹெல்சிங். அவர் முன்யோசனையோடு தூணுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவரும் புரூக்ஸ்தான். இயக்குநருக்குத் தெரியாதா எங்கே நிற்க வேண்டும் என்று!

நம் பக்கத்திலும் பாருங்கள். 1985இல் வந்த ஹாங்காங் படம் 'மிஸ்டர் வாம்பயர்'. குதித்துக் குதித்து வரும் பிணம் கடித்தால் விஷத்தை எடுக்கப் புலுட் அரிசி, அதாவது ஒட்டும் அரிசி, வேண்டும் என்பது அங்கே விதி. அரிசிக்கடைக்காரர் அதில் சாதாரண அரிசியைக் கலந்து விற்றுவிடுகிறார்! பேயைவிடக் கலப்படக்காரன் ஆபத்தானவன் என்பது தேக்கா சந்தைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழுக்கு இது புதுச் சங்கதியா? 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் போர்க்களத்தையே பேய்களின் அடுப்பங்கரை ஆக்கினார். பிணக் கூழ் காய்ச்சிப் பந்தி வைக்கிறார்கள். வந்திருப்பவர்களில் சமணப் பேய் உண்டு. அது உயிரைக் கொல்லாது, நாளுக்கு ஒருவேளைதான் உண்ணும். ஆகவே மயிர் இல்லாமல் பார்த்து, கொழுப்பையே துணியாக்கி வடிகட்டிக் கூழ் வார்க்கச் சொல்கிறார். பிணத்தைத் தின்னும்போதும் ஆசாரம் தவறாத பேய்! புரூக்ஸின் கண்ணாடியும் இந்த வடிகட்டியும் ஒரே பட்டறைச் சாமான்கள்.

இந்த ஊருக்கும் சொந்தப் பேய் இருக்கிறது. 1957இல் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கி, மரியா மெனாடோ நடித்த 'பொந்தியானாக்' அரங்குகளை நிறைத்தது. பொந்தியானாக் என்ற மலாய்ப் பேய் வாழைமரத்தில் குடியிருப்பாள், பிள்ளைப்பேற்றில் இறந்தவள். பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய மனைவியாகிவிடுவாள், பிடுங்கினால் பழையபடி பேய். இவ்வளவு நல்ல விதியைக் கையில் வைத்துக்கொண்டு நாம் இன்னும் பயந்துகொண்டிருக்கிறோம்.

எனக்கு ஒரு காட்சி தோன்றிக்கொண்டே இருக்கிறது. கல்யாணமாகி பத்து வருடம். கணவன் ஒருநாளும் அவளைத் தலைமுடி வெட்ட வெளியே விட்டதில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம், அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, சிராங்கூன் சாலையில் ஓர் அழகு நிலையத்துக்குப் போய் உட்காருகிறாள். எண்ணெய் தேய்த்துவிடும் பெண்ணின் விரல் பிடரியில் நிற்கிறது.

"அக்கா, இங்கே ஏதோ குத்துகிறது. எடுத்துவிடட்டுமா?"