"குடும்பம் மாதிரி" என்றால் யார் வீட்டுக் குடும்பம்?

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக் கொண்டிருக்கும் எதிரணி அண்ணன்மார்களே, பொங்கல் விடுமுறையில் டி.வி.யை அணைத்துவிட்டு எங்களை நம்பி வந்து உட்கார்ந்திருக்கும் எல்லீஸ் நகர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"வேலை செய்கிறவரை மனிதராக மதித்தது அன்றைய நிர்வாகமா, இன்றைய நிர்வாகமா?" என்பது தலைப்பு. நான் இன்றைய நிர்வாகம் என்று பேச வந்திருக்கிறேன். என் தலையைப் பார்த்துவிட்டு முன்வரிசையில் ஒரு அம்மா, "இவுக அந்தப் பக்கம்ல உக்காரணும்" என்று சொன்னது காதில் விழுந்தது. தலை நரைத்தால் பழசைத்தான் புகழ வேண்டும் என்று சட்டமா தாயி? 1985-ல் ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து 2022-ல் அதிகாரியாக ஓய்வு பெற்றவள் நான். இரண்டு காலத்திலும் சம்பளம் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அந்தக் காலத்து மேனேஜர் அப்பா மாதிரி. பிள்ளைக்குக் காதுகுத்து என்றால் சொந்தப் பையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பார். வீட்டில் ஒரு துக்கம் என்றால் தத்தனேரி சுடுகாடு வரைக்கும் கூடவே வருவார். ஆபீசே ஒரு குடும்பம் மாதிரி. இன்றைக்கு விரலை வைத்தால்தான் ஆள் வந்ததாக ஒத்துக்கொள்கிற மிஷின், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் டார்கெட்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நன்றாகத்தான் பேசினார்.

சரி, குடும்பம் மாதிரி. எந்தக் குடும்பம் அண்ணே? அப்பா சொன்னால் மறுபேச்சு கிடையாது. மூத்த பிள்ளைக்கு ஒரு நியாயம், இளைய பிள்ளைக்கு ஒரு நியாயம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மருமகள் அடுப்படியில் உட்கார்ந்து மிச்சத்தை வழித்துச் சாப்பிட வேண்டும். அந்தக் குடும்பம்தானே? அதில் அப்பாவாகவும் மூத்த பிள்ளையாகவும் இருந்தவர்களுக்கு அது சொர்க்கமாகத்தான் இருந்திருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற மூன்று பேரையும் பாருங்கள். ஒரு மருமகளாவது இருக்கிறாளா?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார் டிபன் பாக்ஸை யார் பக்கத்தில் வைத்துத் திறந்தார்கள், யாருக்குத் தனி டம்ளரில் டீ வந்தது, இதெல்லாம் அண்ணன் பேச்சில் வரவில்லை. மதுரைக்காரர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதும் இல்லை.

எனக்கு முதல் வேலை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிளையில். அங்கே நான் ஒருத்திதான் பெண். கட்டடத்துக்குப் பின்னால் ஆண்களுக்கு ஒரு மறைப்பு இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. தெருமுனையில் ஓர் அக்கா வீட்டில் கேட்டுப் போய்வருவேன். அவரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு களையெடுக்கப் போய்விட்டால் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். காலையில் தண்ணீர் குடிக்காமலே பஸ் ஏறுவேன். இத்தனைக்கும் எங்கள் மேனேஜர் தங்கமான மனிதர். என் தம்பி கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து மொய் எழுதிவிட்டுப் போனவர். அவரிடம் இதை எப்படிக் கேட்பது? கேட்கலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, செய்து கொடுக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. இதுதான் நான் சொல்ல வருவது ஐயா. நல்ல மனிதர் கண்ணுக்குப் படாத விஷயம் ஒன்று இருந்தால், அன்றைக்கு அதற்குப் போக வேறு வாசலே கிடையாது.

ஒரு மேனேஜர் கண்ணில் படாதது போகட்டும். நிர்வாகமே உட்கார்ந்து யோசித்துத் தயாரித்த படிவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண் பிரசவ விடுப்பு எடுத்தார். அந்தப் பருவத்திலேயே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வேலைக்குச் சேரும்போது கொடுத்த உறுதிமொழியில் தவறான தகவல் தந்துவிட்டாராம். அந்தப் படிவத்தில் என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த தேதி என்ன, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், கலைந்தது உண்டா? ஒரு வேலைக்கு! 1991-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அந்தப் பெண்ணை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்து நீக்கச் சொன்னது. அண்ணன் சொன்ன பொற்காலத்தில் நடந்ததுதான் இது.

இன்றைக்கு? 1961-ம் ஆண்டுச் சட்டப்படி 12 வாரமாக இருந்த பிரசவ விடுப்பு, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாகியிருக்கிறது. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். பத்துப் பேர் இருந்தாலே பாலியல் புகாரை விசாரிக்கப் பெண் தலைமையில் ஒரு குழு வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தப் புகாரை யாரிடம் கொடுப்போம்? மேனேஜரிடம். புகாரே மேனேஜர் மேல் என்றால்? கிணற்றில் போட்ட கல்தான்.

இப்போது சி.ஆர். என்ற ஒன்றுக்கு வருகிறேன். அரசு வேலையில் இருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. ரகசியக் குறிப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை மேலதிகாரி நம்மைப் பற்றி எழுதி மேலே அனுப்புவார். என்ன எழுதினார் என்று நமக்குக் காட்ட மாட்டார்கள். மிக மோசமாக எழுதியிருந்தால் மட்டும் ஓலை வரும். "சுமார்" என்று எழுதியிருந்தால் ஓலையும் வராது, பதவி உயர்வும் வராது. ஏன் வரவில்லை என்று ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். "சி.ஆர்.ல கை வச்சிருவேன்" என்று ஒரு அதிகாரி சொன்னால் போதும், ஆபீஸே அடங்கிவிடும். கடைநிலை ஊழியர் ஒருவர் தினமும் யானைக்கல்லில் பழம் வாங்கி மேனேஜர் வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கே வருவார். அதைப் பாசம் என்று எதிரணி சொல்லும். அவரிடம் யாராவது கேட்டார்களா?

எல்லைச் சாலைப் பிரிவில் தேவ் தத் என்று ஒரு பொறியாளர். பதவி உயர்வுக்கு ஐந்து வருஷமும் "மிக நன்று" வேண்டும். ஒரே ஒரு வருஷம் "நன்று" என்று எழுதிவிட்டார்கள். நன்று என்பது திட்டு இல்லையே, அதனால் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்புச் சொன்னபோது மனிதர் ஓய்வே பெற்றுவிட்டார். ஆனால் அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது? நல்லதோ கெட்டதோ, எழுதியது எதுவாக இருந்தாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும், அவர் மறுத்து எழுத வாய்ப்புத் தர வேண்டும் என்றது. அரசுக்கு மட்டுமல்ல, பொதுத்துறைக்கும் சேர்த்து. மறு வருஷமே மத்திய அரசு, மதிப்பீட்டை முழுதாகக் காட்டச் சொல்லி உத்தரவு போட்டது.

எனக்கு மதிப்பெண்ணைக் கண்ணில் காட்டிய முதல் அதிகாரி என்னைவிட வயதில் சின்னப் பையன். நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகத்தான் போட்டிருந்தான். எதிரே உட்கார்ந்து ஏன் என்று கேட்டேன். காரணம் சொன்னான். எனக்கு அந்தக் காரணம் பிடிக்கவில்லை, எழுதிக் கொடுத்தேன். அவன் என் வீட்டு விசேஷத்துக்கு ஒரு நாளும் வந்ததில்லை. வராவிட்டால் போகிறான், மதிப்பெண்ணைக் காட்டினானே!

வருகைப் பதிவு மிஷின் மனிதனை மதிக்கவில்லை என்றார்கள். அன்றைக்குப் பதிவேட்டில் பத்தடித்துப் பத்து நிமிடத்துக்குச் சிவப்பு மையில் கோடு விழும். மேனேஜருக்கு ஊர்க்காரர் தாமதமாக வந்தால் அன்றைக்கு மட்டும் அந்தப் பேனாவில் மை தீர்ந்துபோகும். மிஷினுக்கு மாமன் மச்சான் தெரியாது ஐயா. எனக்கு அது போதும்.

அந்தப் பதினோரு மணி வாட்ஸ்அப்? தப்புதான். நான் அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பதினோரு மணி அன்றைக்கும் இருந்தது. கம்ப்யூட்டர் வராத காலத்தில் அரையாண்டுக் கணக்கு முடிப்பு என்றால் ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் கையால் வட்டி போட வேண்டும். பேரேடுகளைக் கூட்டினால் எங்கோ நாற்பது பைசா உதைக்கும். அந்த நாற்பது பைசாவைத் தேடி டிசம்பர் 31 ராத்திரியில் ஊரே புது வருஷம் கொண்டாடும்போது நாங்கள் 7-ஐயும் 1-ஐயும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மேனேஜர் பரோட்டா வாங்கித் தருவார். அந்தப் பரோட்டாவைத்தான் அண்ணன் இன்னும் மறக்காமல் இருக்கிறார். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு நான் எப்படி வீடு போனேன் என்பதை அவர் எங்கே கண்டார்?

விடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிரிப்பீர்கள். அன்றைக்கு லீவு கேட்டால் மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இன்றைக்கு முக்கியமான பொறுப்புகளில் இருக்கிற வங்கி ஊழியரை வருஷத்தில் குறைந்தது பத்து வேலை நாள் சேர்ந்தாற்போல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் சொல்லியிருக்கிறது. முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. அந்த நாட்களில் அவர் அலுவலக வேலை எதையும் தொடக் கூடாது, மின்னஞ்சல் தவிர. பாசத்தால் அனுப்பவில்லை, ஆள் இல்லாத நேரத்தில் ஏதாவது மோசடி இருந்தால் வெளியே வரும் என்றுதான் அனுப்புகிறார்கள். எந்தக் காரணமாக இருந்தால் என்ன, பழனிக்குப் போய்விட்டு வரலாம்.

இரண்டாவதாகப் பேசிய அண்ணன் நம்ம ஊர் டாக்டர் வெங்கடசாமியைச் சொன்னார். 58 வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் இதே மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். அப்படிப்பட்ட தலைவர் இன்று உண்டா என்று கேட்டார். பெரிய மனிதர், மறுப்பே இல்லை. ஆனால் அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் 2006-ல் காலமானார். மருத்துவமனை நின்றுபோனதா? கிராமத்தில் பள்ளிப் படிப்பு முடித்த பெண்களை எடுத்து, இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்து, கண் பரிசோதனையிலிருந்து அறுவை அரங்கு உதவி வரை யார் எதைச் செய்வது என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த முறை இன்றைக்கும் ஓடுகிறது. தாம் இல்லாவிட்டாலும் ஓட வேண்டும் என்று நினைத்தவர் அவர். அவரை என் பக்கம்தான் சேர்க்க வேண்டும், நடுவர் ஐயா குறித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத் தொழிலாளர் பெருகிவிட்டார்கள் என்று சொன்னீர்கள் அண்ணே. அதில் உங்களோடு நான் சண்டை போட மாட்டேன். வேலை ஒன்று, சம்பளம் இரண்டு என்பது அநியாயம்தான். ஆனால் தினக்கூலியாகவே தலை நரைத்த தற்காலிக ஊழியர்கள் எங்கள் கிளையிலும் இருந்தார்கள். அப்போது அவர்கள் உங்கள் குடும்பத்தில் எந்தப் பிள்ளை?

மாசி வீதிகளில் ஜவுளிக் கடைக்குப் போகிறீர்களே, சேலை எடுத்துப் போடுகிற பெண் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பாள். உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல்தான் சட்டத் திருத்தம் வந்தது. எல்லாக் கடையிலும் ஸ்டூல் வந்துவிட்டதா என்று நடுவர் ஐயா புருவத்தைத் தூக்குகிறார். வரவில்லை ஐயா. ஆனால் இன்றைக்கு அந்தப் பெண் "ஸ்டூல் எங்கே" என்று கேட்டால் அது கேள்வி. 1985-ல் கேட்டிருந்தால் அதற்குப் பெயர் திமிர்.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு நிமிடம். எனக்குப் பிறகு எதிரணியில் பேச வரும் அண்ணன் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்ததாக அறிமுகத்தில் சொன்னார்கள். அவர் மைக்கைப் பிடித்ததும் வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், அவருடைய முதல் பத்து வருஷத்து சி.ஆர்.-ல் அந்த அப்பா மாதிரியான மேனேஜர் என்ன எழுதி வைத்தார் என்று மட்டும் சபையில் சொல்லச் சொல்லுங்கள். வணக்கம்.