கட்-ஆஃப் இல்லாத 'நோ'

[காட்சி: இருட்டு அறை. மேசையில் லேப்டாப். சுவர்க் கடிகாரம் 4:29.]

மார்ச் மாசக் கடைசி. கடலூர் மஞ்சக்குப்பத்துல பால் பாக்கெட் கூட இன்னும் வந்திருக்காது. நமக்கு விடிகாலை 4:30 ஆகும்போது அமெரிக்காவோட கிழக்குக் கரையில முந்தின நாள் சாயங்காலம் 7 மணி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் வகையறா அட்மிஷன் ரிசல்ட்டைத் திறந்துவிடற நேரம் அது. எம்ஐடி இன்னும் விசேஷம். மார்ச் 14, அதாவது 3.14, அவங்களுக்கு 'பை' நாள். அன்னைக்குச் சாயங்காலம் 6:28-க்கு, ரெண்டு பை, ரிசல்ட் விடறது அங்க ஒரு வழக்கம். நமக்கு அது 15-ஆம் தேதி விடிகாலை 3:58. கணக்கு வாத்தியார் ரசிப்பார், தூக்கம் போறது பிள்ளைக்கு.

அந்த நேரத்துல திறக்காதீங்க. மெயில்ல ரிசல்ட் வராது, "உங்க போர்ட்டல்ல புதுத் தகவல் இருக்கு"ன்னுதான் வரும். விடிகாலையில திறந்தாலும் ராத்திரி சாப்பிட்டுட்டுத் திறந்தாலும் உள்ள இருக்கறது ஒண்ணுதான். ஆனா சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் இழுத்த வருஷம் உண்டு. புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் இப்ப சிபிஎஸ்இதான். அன்னைக்கே காலையில 10:30-க்குப் பேப்பர் இருந்தா, 4:30-க்குப் பார்த்த ஒரு வரி ஆறு மணி நேரம் கழிச்சு ஹால்ல கூட வந்து உக்காரும். அதனால முந்தின ராத்திரியே போன்ல அந்த மெயில் கணக்கை லாக்-அவுட் பண்ணிடுங்க. பரீட்சை முடிஞ்சு, சாப்பிட்டு, யார் கூட இருக்கணும்னு நீங்களே முடிவு பண்ணித் திறங்க. அஞ்சு காலேஜ் இருந்தா அஞ்சையும் ஒரே உக்காரல்ல பாருங்க. பக்கத்துல ஒரு நோட்டுல மூணு கட்டம்: காலேஜ் பேர், வந்த பதில், அடுத்த தேதி. மூணாவது கட்டம்தான் முக்கியம், அது ஏன்னு போகப் போகத் தெரியும்.

[திரையில்: 100 + 50 + 50 = 200]

நம்ம ஊர்ல அட்மிஷன்னா கட்-ஆஃப்தான். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200. "எத்தனையில போச்சு?"ன்னு மாமா கேட்டா "அரை மார்க்குல"ன்னு சொல்ல முடியும். நீட்லயும் ரேங்க் உண்டு. போன வருஷம் எந்த ரேங்க் வரைக்கும் போச்சுன்னு பார்த்துக்கலாம்.

இதே கேள்வியை ஹார்வர்ட் மாதிரி இடத்துக்குக் கேட்டா பதிலே கிடையாது. 2028-ல படிச்சு முடிக்கிற பேட்ச்சுக்கு அங்க 54,008 பேர் அப்ளை பண்ணினாங்க. இடம் கொடுத்தது 1,937 பேருக்கு, அதாவது 3.59 சதவீதம். மிச்சப் பேர் மார்க் குறைஞ்சவங்கன்னு தோணும். ஆனா அந்தக் காலேஜோட அட்மிஷன் முறை மேல நடந்த வழக்குல ஒரு கணக்கு வெளிவந்துச்சு. 2019 பேட்ச்சுக்கு அப்ளை பண்ணின அமெரிக்க மாணவர்கள் சுமார் 26,000 பேர். அதுல பள்ளி கிரேடுல குறையே இல்லாதவங்க மட்டும் 8,000-க்கு மேல. எஸ்ஏடிங்கற அமெரிக்கக் காலேஜ் நுழைவுப் பரீட்சையோட கணக்குத் தாள்ல முழு மார்க் சுமார் 3,400 பேர். வகுப்புல இருக்கற இடமோ 1,600-ஐ ஒட்டி. முழு மார்க் வாங்கினவங்களை மட்டும் எடுத்தாலே இடம் பத்தாது.

அப்புறம் எப்படித்தான் எடுக்கறாங்க? யாரையும் வரிசையில நிக்க வெக்கறதில்ல, ஒரு வகுப்பைக் கட்டறாங்க. எந்தத் துறைக்கு ஆள் வேணும், எந்த நாட்டுலேர்ந்து ஏற்கெனவே எத்தனை பேர், விளையாட்டு, இசை, பல இடங்கள்ல உதவித்தொகைக்கு எவ்வளவு பணம் மிச்சம் இருக்குங்கறதும் கூட. உங்க ஃபைல் அதே ஃபைலாவே இருந்து, வேற வருஷம் வேற பதில் வரலாம்.

அதனால வெளிநாட்டு 'நோ' வந்தா, "கட்டுரையில ரெண்டாவது பாராவை மாத்தியிருக்கணுமோ"ன்னு பிரேதப் பரிசோதனை பண்ணாதீங்க. காரணத்தைக் கடிதத்துல எழுத மாட்டாங்க, கேட்டாலும் பொதுவாச் சொல்ல மாட்டாங்க. பெரும்பாலான தனியார் பல்கலைக்கழகங்கள்ல மேல்முறையீடும் கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல உண்டு. ஆனா முதல்ல அனுப்பின ஃபைல்ல இல்லாத, கனமான புதுத் தகவல் கையில இருக்கணும். "இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க"ன்னு கேக்கறதுக்கு அந்த வழி இல்ல.

[காட்சி: தாலுகா ஆபீஸ் வரிசை. கையில் பிளாஸ்டிக் ஃபைல்.]

கட்-ஆஃப் 'நோ' வந்தா அதுக்கு நேர் எதிர். அங்க பரிசோதனை பண்ணியே ஆகணும், ஏன்னா அது பல தடவை மார்க்கால வர்றதில்ல, காகிதத்தால வருது. நம்ம பக்கம் அடிக்கடி நடக்கற மூணைச் சொல்றோம்.

ஒண்ணு, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சான்றிதழை ஜோசா (ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு), எம்சிசி (மருத்துவ இடங்களுக்கு) மாதிரி மத்திய கவுன்சலிங்ல ஏத்துக்க மாட்டாங்க. மத்திய அரசுப் படிவத்துல ஓபிசி கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் தனியா வாங்கணும். ஐஐடி பக்கம் அது அந்த வருஷம் ஏப்ரல் 1-க்கு அப்புறம் வாங்கினதா இருக்கணும். அண்ணனுக்குப் போன வருஷம் வாங்கின அதே மாதிரிதானேன்னு மாநிலச் சான்றிதழை ஏத்திட்டா, ஓபிசி ரேங்க் கையில இருந்தும் பொதுப் பட்டியலுக்குத் தள்ளிடுவாங்க.

ரெண்டு, எல்லை. கடலூர்லேர்ந்து பாண்டி ஒரு பஸ் தூரம். ஆனா சொந்த மாநிலம் யாருதுங்கறதுக்கு ஒவ்வொரு கவுன்சலிங்குக்கும் ஒவ்வொரு அளவுகோல். என்ஐடிகள்ல பாதி இடம் சொந்த மாநிலத்துக்கு. அதை முடிவு பண்றது நீங்க பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்துல முடிச்சீங்கங்கறது, வீடு எங்கங்கறது இல்ல. மஞ்சக்குப்பத்துல வீடு இருந்து பாண்டி லாஸ்பேட்டைப் பள்ளியில பன்னிரண்டாவது முடிச்சா, திருச்சி என்ஐடியில நீங்க வெளிமாநிலம், புதுச்சேரி என்ஐடியில உள்ளூர். (பேருதான் புதுச்சேரி, இருக்கறது காரைக்கால்ல.) சென்டாக்ங்கற புதுச்சேரி அரசுக் கவுன்சலிங் வழியா வர்ற இடங்களுக்கோ குடியிருப்புச் சான்றிதழ் வேணும், அங்க படிச்சது மட்டும் போதாது. ஜிப்மர் தன்னோட சொந்த நுழைவுத் தேர்வை 2019-ஓட நிறுத்திடுச்சு. 2020-லேர்ந்து நீட், எம்சிசி கவுன்சலிங். அங்கயும் புதுச்சேரிக்காரங்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, கடலூர் விலாசத்துக்கு அது கிடையாது.

மூணு, ஜோசாவுல ஃப்ளோட். கையில ஒரு இடத்தை வெச்சுக்கிட்டே மேல போறதுக்குக் காத்திருக்கறது. சாய்ஸ் பட்டியல்ல மேல இருக்கற எது கிடைச்சாலும் பழைய இடம் தானாப் போயிடும். சும்மா பேருக்காக மேல போட்ட ஒரு காலேஜ் கிடைச்சு, மனசுக்குப் பிடிச்ச பிராஞ்ச் கையை விட்டுப் போறது வருஷா வருஷம் நடக்குது. அதே காலேஜுக்குள்ள வேற பிராஞ்ச் மட்டும் வேணும்னா ஸ்லைடு, இதுவே போதும்னா ஃப்ரீஸ்.

ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு பரீட்சையை அடுத்தடுத்த ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவைதான் எழுதலாம். ஐஐடி இடத்தை ஏத்துக்கிட்டுச் சேர்ந்துட்டா மறுபடி எழுத முடியாது. இதைத் தெரிஞ்சுக்கிட்டு இடத்துக்குச் சரி சொல்லுங்க.

[திரையில்: ரயில் டிக்கெட். WL 12.]

இப்ப வெயிட்லிஸ்ட். இதுதான் ரொம்ப வாட்டற பதில். சோழன் எக்ஸ்பிரஸ்ல வெயிட்டிங் லிஸ்ட் 12-ன்னா, முன்னாடி பன்னெண்டு பேர் ரத்து பண்ணா நமக்கு இடம். அமெரிக்க வெயிட்லிஸ்ட் பெரும்பாலும் அப்படி நகராது. நம்பர் இருக்காது. மே மாசம் வகுப்புல எந்தப் பக்கம் ஓட்டை விழுதோ அதை அடைக்க ஆள் தேடுவாங்க. ஒரு வருஷம் பல பேரை எடுப்பாங்க, இன்னொரு வருஷம் ஒருத்தரைக்கூட எடுக்க மாட்டாங்க.

பாண்டியில பிரெஞ்சு லீசேயில (பிரெஞ்சுப் பள்ளி) படிக்கிற பிள்ளைங்களுக்குக் கதை வேற. பிரான்ஸ் காலேஜ்களுக்கு அப்ளை பண்றதுக்கு 2018-ல வந்த பார்கூர்சூப் தளத்துல காத்திருப்புப் பட்டியல்ல உங்க இடம் எத்தனையாவதுன்னு காட்டும், நாளுக்கு நாள் குறையறதையும் பார்க்கலாம். அது சோழன் எக்ஸ்பிரஸ் மாதிரி.

அமெரிக்க வெயிட்லிஸ்ட் வந்தா, முதல்ல போர்ட்டல்ல "பட்டியல்ல இருக்கேன்"ங்கறதை அழுத்துங்க. பல காலேஜ்ல இது தானா நடக்காது, அழுத்தலேன்னா பேர் போயிடும். அப்புறம் ஒரு கடிதம், ஒரு பக்கத்துக்குள்ள. வேணாம்னு காலேஜே சொல்லியிருந்தா அனுப்பாதீங்க. உள்ள என்ன இருக்கணும்னு ஒரு மாதிரி:

[திரையில், ஒவ்வொரு வரியாக:]
"இடம் கிடைத்தால் நிச்சயம் சேருவேன்." (உண்மையா இருந்தா மட்டும், அதுவும் ஒரே ஒரு காலேஜுக்கு.)
"ஜனவரிக்குப் பிறகு: திருப்புதல் தேர்வு மதிப்பெண் இணைத்துள்ளேன். பழைய துறைமுகப் பகுதியில் மீன் இறங்கும் அளவைக் குறித்துவரும் பணியில் மூன்றாம் மாத அட்டவணை முடிந்தது."
"குடும்ப வருமான விவரத்தில் மாற்றம் இல்லை."

அவ்வளவுதான். "சின்ன வயசுலேர்ந்து என் கனவு" வேணாம், அதை முதல்லயே எழுதியாச்சு. வாரம் ஒரு மெயில் வேணாம். எம்எல்ஏ சிபாரிசுக் கடிதம் கண்டிப்பா வேணாம். "வெயிட்லிஸ்ட்டை கிளியர் பண்ணித் தர்றோம்"னு காசு கேட்டு யாராவது வந்தா கதவைச் சாத்துங்க. அப்படி ஒரு வழி கிடையாது.

இன்னொரு பதிலும் 'நோ'தான், பார்க்க 'எஸ்' மாதிரி இருக்கும்: இடம் உண்டு, பணம் இல்ல. அட்மிட் கடிதத்தை ஃபேஸ்புக்குல போடறதுக்கு முன்னாடி உதவித்தொகைக் கடிதத்தைப் படிங்க. அதுல எது மானியம், எது கடன், எது வேலை செஞ்சு சம்பாதிக்க வேண்டியது, இது மூணையும் தனித்தனியா எழுதிப் பாருங்க. பத்தலேன்னா உதவித்தொகை அலுவலகத்துக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதலாம். ஆனா கெஞ்சறதால நடக்காது, காகிதம் வேணும். 2024 நவம்பர் கடைசியில வந்த ஃபெஞ்சல் புயல்ல படகோ கடையோ போன வீடா இருந்திருந்தா, அந்த நஷ்டக் கணக்கு, வங்கிக் கடன் பத்திரம், வருமானம் விழுந்த மாசங்களோட பாஸ்புக் பக்கம். இந்த மாதிரி நிலைமை மாறினதைத்தான் அவங்க கணக்குல எடுப்பாங்க.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம் பதில் ஜனவரியிலயே வந்துடும் (ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் அப்ளை பண்ண முடியாது). அங்க 'எஸ்' பெரும்பாலும் நிபந்தனையோட வரும். பப்ளிக் பரீட்சையில இவ்வளவு சதவீதம்னு எழுதியிருப்பாங்க. மே மாசம் மார்க் வந்து ஒண்ணு ரெண்டு குறைஞ்சா, அன்னைக்கே அந்தக் காலேஜ் அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போடுங்க. அதே வாரத்துல விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிங்க. மறுமதிப்பீடு முடிஞ்சதும் சொல்லிக்கலாம்னு இருந்தா இடம் காத்திருக்காது.

[காட்சி: கூடத்தில் அம்மா, அப்பா. உள் அறைக் கதவு பாதி மூடியிருக்கிறது.]

வீட்டுல என்ன பேசறதுன்னு பெற்றோர் கேக்கறாங்க. முதல் ரெண்டு நாள் எதுவும் பேச வேணாம், சாப்பாட்டை மட்டும் விடாதீங்க. "நல்லதுக்குத்தான் நடந்துச்சு கண்ணு"ன்னு அன்னைக்கே சொன்னா பிள்ளைக்குக் காதுல ஏறாது. "செலவு பண்ணினது எல்லாம் வீணா"ங்கற வார்த்தை மட்டும் பல வருஷம் ஏறியே இருக்கும். சித்தப்பா, பெரியம்மா போன் வந்தா அதை எடுக்க வேண்டியது நீங்க, பிள்ளை இல்ல. "அங்க கிடைக்கல. மத்த கவுன்சலிங் பார்த்துட்டிருக்கோம்." இவ்வளவு போதும். ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல முதல்லயே எந்தக் காலேஜ்னு சொல்லாம இருந்திருந்தா இன்னும் சௌகரியம், ஆனா அது அடுத்த பிள்ளைக்கு.

ஒரு வாரம் அழறது, எரிஞ்சு விழறது சகஜம். ரெண்டு வாரம் தாண்டியும் தூங்காம, சாப்பிடாம, யார்கிட்டயும் பேசாம இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு சொன்னாலோ, தன்னோட சாமானைப் பிறருக்குக் கொடுக்க ஆரம்பிச்சாலோ ரெண்டு வாரம் காத்திருக்காதீங்க. தனியா விடாதீங்க, அதைப் பத்தி நேராவே கேளுங்க. கேட்டா நினைப்பை வரவழைச்ச மாதிரி ஆகிடும்ங்கற பயம் தப்பு. 14416, டெலி-மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. நேர்ல போறதுன்னா கடலூர்ல அரசுத் தலைமை மருத்துவமனை, பாண்டியில ஜிப்மர் மனநலப் பிரிவு.

ஒரு வருஷம் விட்டு மறுபடி அப்ளை பண்ணலாமா? கட்-ஆஃப் பரீட்சைன்னா, எந்தப் பாடத்துல எத்தனை மார்க் ஏறும்னு எழுதிக் காட்ட முடிஞ்சா யோசிக்கலாம். வெளிநாட்டு ஃபைல்னா, அந்த ஒரு வருஷத்துல ஃபைலுக்குள்ள புதுசா என்ன வரும்ங்கறதுக்கு உருப்படியான பதில் இருக்கணும். அதே ஃபைலை மறுபடி அனுப்பறதுக்காக ஒரு வருஷத்தைச் செலவு பண்றதை நாங்க ஆதரிக்க மாட்டோம்.

[திரையில்: நோட்டின் மூன்றாவது கட்டம். "மே 1" வட்டமிடப்படுகிறது.]

கடைசியா அந்த மூணாவது கட்டம். பெரும்பாலான அமெரிக்கக் காலேஜுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் மே 1. வெயிட்லிஸ்ட்ல ஒரு இடத்துக்குக் காத்திருந்தாலும், இடம் கொடுத்த இன்னொரு காலேஜுக்கு அன்னைக்குள்ள முன்பணம் கட்டியே ஆகணும். பின்னாடி வெயிட்லிஸ்ட் கிடைச்சா அந்தப் பணம் பெரும்பாலும் போச்சு. அதை இன்ஷூரன்ஸ்னு நினைச்சுக்கோங்க. அங்க ராத்திரி 11:59-ன்னா நமக்கு மே 2 காலை 9:29, நேரம் இருக்குன்னு தோணும். மே 1 இங்க மே தின விடுமுறை, வங்கி கிடையாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ஏ2 படிவம், பான், அட்மிஷன் கடித நகல் எல்லாம் கேப்பாங்க, போய்ச் சேர ரெண்டு மூணு வேலை நாள் ஆகும். ஏப்ரல் 25-க்குள்ள வங்கிக்குப் போயிடுங்க, அப்பாவோட பான் கார்டையும் எடுத்துக்கிட்டு.