பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய இரவு

(நூலக வார விழா உரை)

விழாத் தலைவர் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மகள் கல்யாண வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, மைக்கை இலவசமாகத் தந்து, அது கத்தும்போதெல்லாம் ஓடிவந்து தட்டிவிட்டுப் போகும் தம்பி அவர்களே, தாய்மார்களே, வணக்கம். யார் பேராவது விட்டுப் போயிருந்தால் அடுத்த வருடம் முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஆண் ஏன் அழுவதில்லை, பெண் ஏன் கோபப்படக் கூடாது, பிள்ளைகளுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தருகிறார்கள்.

'அழுகிற ஆணையும் சிரிக்கிற பெண்ணையும் நம்பாதே' என்கிறோம். ஒரே வரியில் இரண்டு பேரையும் முடித்துவிட்டார்கள்! தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்றார். நகைக்கு அடுத்தது அழுகை. அந்த எட்டை ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று அவர் பாகம் பிரிக்கவில்லை. (களவியலில் அச்சமும் நாணும் மடனும் பெண்ணுக்கு என்கிறாரே என்று புலவர் ஐயா முறைக்கிறார். ஒத்துக்கொள்கிறேன்.) பாரி போனபின் பறம்பைவிட்டுக் கிளம்பும் கபிலர் புறநானூற்றில் 'நீர்வார் கண்ணேம்' என்கிறார். அழுகிற அந்த ஆணை நம்பித்தானே பாரியின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

எங்கள் பாட்டி செத்த அன்று பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். பக்கத்துத் தெரு அத்தை பாட்டியின் சுண்டைக்காய் வற்றலைக்கூட விடாமல் ஒப்பாரிப் பாட்டுக்குள் சேர்த்தார். பெரியப்பா? பந்தல்காரரிடம் சண்டை. "அம்பது நாற்காலி சொன்னேன், நாப்பத்தெட்டுதான்யா இருக்கு!" மூன்று தடவை எண்ணினார். பாடை கட்டுபவரிடம் மூங்கில் கோணல் என்றார். தேர் கிளம்பும்போது மறுபடி நாற்காலி. "பெத்த அம்மா போறா, இவனுக்கு நாற்காலிக் கணக்கு" என்று ஊரே பேசியது. ராத்திரி ஒரு மணிக்கு நான் வெளியே எழுந்து போனால், தொழுவத்தில் பெரியப்பா. எருமையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து நிற்கிறார், முதுகு குலுங்குகிறது. என்னைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மாட்டுக்குத் தண்ணி காட்ட வந்தேன்டா" என்றார். கையில் வாளி இல்லை. (சிரிப்பு) சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்தவன்தான்.

1998இல் அமெரிக்காவில் ஆன் கிரிங், ஆல்பர்ட் கார்டன் இருவரும் ஆண், பெண் மாணவர்களுக்குப் படக்காட்சிகளைப் போட்டுக்காட்டினார்கள். முகத்தில் பெண்கள் அதிகம் காட்டினார்கள். மனதில் என்ன தோன்றியது என்று கேட்டால் இரு தரப்பும் சொன்னதில் பெரிய வித்தியாசமில்லை. எருமைக்கு இது முன்பே தெரியும்.

சரி, அடக்கிவைத்தது எங்கே போகிறது? 2022இல் நம் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். மனநல உதவிக்கான அரசுத் தொலைபேசிச் சேவை டெலி மானஸ், எண் 14416, தமிழிலேயே பேசலாம், குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பேரூராட்சித் தலைவர் அம்மாவைப் பார்த்துப் பேசுகிறேன். நம் ஊரில் ஆண் அழுவதற்கென்றே ஒரு கடை மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை நடக்கிறது. அங்கே அழுதால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. நாலு ஆம்பளைகள் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு மனசுவிட்டுப் பேசிய படிப்பகமோ பூட்டிக் கிடக்கிறது. உள்ளே பெஞ்சு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. சாவி யாரிடம் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. 'அழுகிற ஆணை நம்பாதே' என்பவர்கள் அவனை உட்கார வைக்க ஒரு பெஞ்சாவது தரட்டும்.

பெண்ணின் கோபத்துக்கும் பிள்ளைகளுக்கும் வர நேரமில்லை, முடிக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. தாய்மார்கள் இப்போதே கோபமாகத்தான் பார்க்கிறீர்கள். படிப்பகத்தைத் திறக்கக் கேட்கும் மனு பின்வரிசை மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள். போன தடவை இரண்டு பேனா காணாமல் போனதால் இம்முறை நூலில் கட்டியிருக்கிறோம்.