செமஸ்டர் முடிந்தது, கேம்பஸ் காலி... மீட்டர் மட்டும் ஏன் ஓடுகிறது?

[திரையில்: ஆளில்லாத நடைபாதை. அடுத்து, மின்மீட்டர்.]

கடைசிப் பரீட்சை முடிந்தது. வகுப்பறைகளில் விளக்கு இல்லை, ஹாஸ்டலில் ஈ காக்கை இல்லை. ஆனால் ஆய்வகக் கட்டடத்து மீட்டர் மட்டும் விடாமல் ஓடுகிறது. அத்தனை மின்சாரத்தையும் யார் குடிப்பது? பேய் இல்லை. காற்று!

வணக்கம். பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிகல், பிளம்பிங், ஹவுஸ்கீப்பிங் என்று எல்லாவற்றையும் ஓட வைப்பவர்களுக்கான வீடியோ இது. பேராசிரியர்களும் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும், ஏன் என்று இப்போது தெரியும்.

பின்னணி ஒரே வரியில்: விடுமுறையில் ஆள் குறைவு, அதனால் அணைக்க வேண்டியதை அணைக்கவும் பழுது பார்க்கவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது. சரி, மேலே போவோம்.

[திரையில்: ஃபியூம் ஹூட்]

வேதியியல் ஆய்வகத்தில் முன்பக்கம் கண்ணாடிக் கதவு வைத்த பெரிய பெட்டி இது. உள்ளே அமிலத்தைச் சூடாக்கினாலும் ஆவி உங்கள் மூக்குக்கு வராது. ஃபேன் அதை இழுத்துக் கூரைக்கு வெளியே தள்ளிவிடும். ஆனால் அது ஆவியை மட்டும் இழுப்பதில்லை. நாம் காசு செலவழித்துக் குளிர வைத்த அறைக்காற்றும் சேர்ந்தே வெளியே போகிறது. போன காற்றுக்கு ஈடாகப் புதுக்காற்று வர வேண்டும், அதையும் முதலிலிருந்து குளிர வைக்க வேண்டும். ராத்திரி, பகல், ஞாயிற்றுக்கிழமை, எல்லா நேரமும்! அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தினர் போட்ட கணக்குப்படி, ஒரே ஒரு ஃபியூம் ஹூட் சுமார் 3.5 வீடுகளுக்கான ஆற்றலை விழுங்கும். அதுவும் அமெரிக்க வீடுகள்.

மருந்து என்ன? கண்ணாடியைக் கீழே இறக்குவது. அவ்வளவேதான். ஹார்வர்டில் இதற்கென்றே ஆய்வகங்களுக்குள் போட்டி வைத்தார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் மிச்சம். கண்ணாடியை இறக்கிப் பரிசு வாங்கிய விஞ்ஞானிகள்!

ஒரு எச்சரிக்கை. கண்ணாடியை இறக்கியதும் ஃபேன் தானாக வேகம் குறையும் அமைப்பு இருந்தால்தான் இந்த லாபம். பழைய ஹூட்களில் கண்ணாடி எங்கே இருந்தாலும் ஃபேன் ஒரே வேகத்தில்தான் சுற்றும். அதற்காக ஸ்விட்சைத் தட்டிவிடாதீர்கள், உள்ளே ரசாயனம் இருக்கலாம். ஆய்வகப் பொறுப்பாளரைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஃபேனின் வேகத்தை 20 சதவீதம் குறைக்கிறீர்கள். மின்சாரம் எவ்வளவு குறையும்? வீடியோவை நிறுத்திவிட்டு கமென்ட்டில் போடுங்கள்.

20 என்று போட்டவர்கள் கையைத் தூக்குங்கள். விடை, கிட்டத்தட்ட பாதி! மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகிறது. 0.8 × 0.8 × 0.8 போட்டுப் பாருங்கள், 0.512 வரும். வேகத்தைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்கு போதும். நிஜத்தில் மோட்டார் இழப்பு, காற்றுக்குழாயின் அழுத்தம் எல்லாம் சேர்வதால் அச்சு அசலாக இந்த எண் வராது. ஆனாலும், 'விளக்கை அணைக்கவும்' என்று சுவர் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட இது பல மடங்கு பலன் தரும் என்பது என் கட்சி. ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் கோபிக்க வேண்டாம்.

ஆய்வக ஃப்ரீசர்? மைனஸ் 80 டிகிரியை மைனஸ் 70 ஆக்கினாலே சுமார் 30 சதவீதம் மிச்சம். மாதிரிகள் தாங்குமா என்பதை ஆய்வாளர்தான் சொல்ல வேண்டும்.

ஹாஸ்டல் குட்டி ஃப்ரிட்ஜ்: பிளக்கைப் பிடுங்குங்கள், கதவைத் திறந்தே வையுங்கள். மூடினால் பூஞ்சை.

ஹாஸ்டலைக் காலி செய்தவர்கள் விட்டுப்போன மேசை, விளக்கு, நாற்காலிகளை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக மாணவர்கள் 2011-இல் சேகரித்து வைத்து, அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் புது மாணவர்களுக்கு விற்றார்கள். குப்பைக்குப் போக வேண்டியது காசானது.

[திரையில்: குளியலறைத் தரை வடிகால்]

கடைசியாக, பிளம்பர்களுக்கு. வாரக்கணக்கில் குழாயில் தேங்கும் நீரில், 20 முதல் 45 டிகிரி வரை, கடுமையான நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் ஷவர்களையும் சில நிமிடம் திறந்துவிடுங்கள். தண்ணீர் வீணாகிறதே என்று தோன்றும்; இதில் கஞ்சத்தனம் கூடாது. அப்படியே தரை வடிகாலில் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள். உள்ளே வளைவில் நிற்கும் நீர் வற்றினால் சாக்கடை வாயு மேலே வந்துவிடும். அதன் மேல் கொஞ்சம் மினரல் ஆயில் விட்டால் நீர் சீக்கிரம் ஆவியாகாது. ஊற்றிய தேதியைக் கதவில் எழுதி ஒட்டிவிட்டு, அடுத்த மாடிக்குப் போங்கள்.