உருகுவேயை உயர்த்தியது பயிற்சியும் திட்டமுமே!

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கம் நிறைய அமர்ந்திருக்கும் கால்பந்து அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உருகுவே கால்பந்து அணியின் பெருமைக்குப் பெரிதும் காரணம் மன உறுதியா, பயிற்சியும் திட்டமுமா? இதுதான் இன்றைக்கு நம் முன் இருக்கும் வழக்கு. எதிரணித் தலைவர் மன உறுதிக்காக வாதாடினார். நன்றாகவே வாதாடினார். ஏறக்குறைய 35 லட்சம் பேர் வாழும் நாடு. வடக்கே பிரேசில், மேற்கே அர்ஜென்டினா. இந்த இரண்டு பெரிய நாடுகளுக்கும் நடுவில் ஒரு துண்டு நிலம். அந்த நாடு 1930, 1950 ஆண்டுகளில் உலகக் கோப்பையை வென்றது. 1924, 1928 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. தென்னமெரிக்க நாடுகள் மோதும் கோபா அமெரிக்கா பட்டத்தை 15 முறை தட்டிச் சென்றது. "நெஞ்சுரம் இல்லாமல் இது நடக்குமா? சார்ருவா பழங்குடியின் ரத்தமல்லவா அவர்கள் உடம்பில் ஓடுகிறது!" என்று முழங்கினார். அரங்கம் அதிரக் கைதட்டியது.

என்னால் கைதட்ட முடியவில்லை, நடுவர் அவர்களே. சார்ருவா மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பது எதிரணித் தலைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உருகுவேயின் முதல் அரசியல் சட்டம் 1830 ஜூலையில் வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், சல்சிபுவெதெஸ் என்ற இடத்தில், அந்தப் புதிய நாட்டின் படையே சார்ருவா மக்களைச் சூழ்ந்து கொன்றது. பிழைத்தவர்களைப் பிடித்துக்கொண்டுபோய் தலைநகர் மொன்டெவிடியோவின் வீடுகளில் வேலைக்கு விட்டது. ஒரு மக்களை அழித்துவிட்டு, நூறு வருஷம் கழித்து அவர்கள் வீரத்தைச் சட்டையில் குத்திக்கொள்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்கிறேன். 'கார்ரா சார்ருவா', அதாவது சார்ருவா மறம் என்ற அந்தப் பேச்சு பரவலானது 1935-க்குப் பிறகு. அந்த ஆண்டு லிமாவில், வயதாகிப்போன வீரர்களோடு போய், அர்ஜென்டினாவை 3-0 என்று தோற்கடித்துத் தென்னமெரிக்கப் பட்டம் வென்றபோதுதான் அது எல்லார் வாயிலும் புகுந்தது. அதற்குள் 2 ஒலிம்பிக் தங்கமும் முதல் உலகக் கோப்பையும் உருகுவேயின் அலமாரியில் இருந்தன. பெயர் வைப்பதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது ஐயா!

அப்படியானால் அந்த வேலை எங்கே நடந்தது? 1911-இல் உருகுவே அரசு தேசிய உடற்கல்வி ஆணையம் என்று ஒன்றை அமைத்தது. பேட்டை பேட்டையாகப் பொது விளையாட்டுத் திடல்கள் எழுந்தன. கட்டாய இலவசப் பள்ளிக் கல்வி அந்த நாட்டுக்கு 1877-லேயே வந்துவிட்டது. படிக்க வந்த பிள்ளைக்கு ஓடியாட இடமும் கிடைத்தது. அதே காலத்தில், 1909-இல், ஜான் ஹார்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர் ரயில்வே வேலைக்காக மொன்டெவிடியோ வந்து, பின்னாளில் பெனியரோல் என்ற கால்பந்து கிளப்பாக ஆன ரயில்வே கிளப்பில் ஆடினார். அதுவரை அங்கே பந்தை ஓங்கி உதைத்துவிட்டுப் பின்னால் ஓடுவதுதான் ஆட்டம். தரையோடு தரையாக, காலிலிருந்து காலுக்குச் சின்னச் சின்ன பாஸாகக் கொண்டுபோகலாம் என்று ஆடிக் காட்டியவர் அவர். உருகுவே அதைப் பிடித்துக்கொண்டது. தன் பாணியாக ஆக்கிக்கொண்டது.

1916-இல் புவெனஸ் ஐரிஸில் முதல் தென்னமெரிக்கப் போட்டி. உருகுவே சிலியை 4-0 என்று வென்றது. இசபெலினோ கிராதின் 2 கோல் போட்டார். மறுநாள் சிலி தரப்பு, "இவர்கள் ஆப்பிரிக்கர்களை ஆட வைத்துவிட்டார்கள், முடிவை ரத்து செய்யுங்கள்" என்று புகார் கொடுத்தது. கிராதினும் ஹுவான் தெல்காதோவும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். அந்தக் காலத்தில், நிறம் பார்க்காமல் ஆடத் தெரிந்தவனை அணியில் எடுத்த நாடு உருகுவே. புகார் எடுபடவில்லை. பட்டம் உருகுவேக்கு. ஒரு சின்ன நாடு ஜெயிக்க வேண்டுமென்றால் ஒரு திறமையைக்கூட வெளியே நிறுத்தி வைக்கக் கூடாது என்ற தெளிவு அது. இதை நான் ரத்தக் கணக்கில் எழுத மாட்டேன். அறிவுக் கணக்கில்தான் எழுதுவேன்.

1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வருவோம். ஐரோப்பாவில் அதுவரை உருகுவே என்ற பெயரையே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பலில் போய் இறங்கியவர்கள் நேரே பாரிஸுக்குப் போகவில்லை. ஸ்பெயினில் ஊர் ஊராக 9 ஆட்டம் ஆடினார்கள், ஒன்பதிலும் வென்றார்கள். ஐரோப்பிய மைதானம் எப்படி, அங்கே எப்படி முட்டி மோதி ஆடுகிறார்கள் என்று பார்த்துப் பழகிக்கொண்டு பிறகுதான் பாரிஸ் சேர்ந்தார்கள். அங்கே யூகோஸ்லாவியாவை 7-0, அமெரிக்காவை 3-0, பிரான்ஸை 5-1, நெதர்லாந்தை 2-1, இறுதியில் சுவிட்சர்லாந்தை 3-0. மொத்தம் 20 கோல் போட்டு 2 கோல்தான் வாங்கினார்கள். எதிரணி நண்பர்களே, நெஞ்சுரத்தால் ஒரு ஆட்டத்தை 1-0 என்று இழுத்துப் பிடிக்கலாம். 7-0 என்று வெல்ல வேண்டுமானால் ஆடத் தெரிய வேண்டும்! ஹோசே லியாந்த்ரோ அந்த்ராதே பந்தை ஓட்டிய நளினத்தைப் பார்க்கப் பாரிஸ் நகரமே திரண்டது. அந்த அணியைப் பார்த்து வியந்து எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர்கள் புகழ்ந்தது அவர்கள் பந்தைக் கட்டுப்படுத்திய விதத்தையும், பந்து இல்லாதபோது ஓடி இடம் பிடித்த விதத்தையும்தான்.

1930. உலகக் கோப்பை பிறந்ததே மொன்டெவிடியோவில். இறுதி ஆட்டத்தில் இடைவேளையில் 1-2 என்று பின்தங்கியிருந்து 4-2 என்று அர்ஜென்டினாவை வென்றார்கள். நான்காவது கோலைப் போட்ட எக்டோர் காஸ்த்ரோ சிறுவயதில் மின்ரம்பத்தில் ஒரு முன்கையை இழந்தவர். எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி இதைச் சொன்னபோது குரல் தழுதழுத்தது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறுக்கவில்லை. ஆனால் சகோதரி சொல்லாமல் விட்ட பெயர் ஒன்று உண்டு: ஆந்த்ரேஸ் மசாலி. 1924-லும் 1928-லும் தங்கம் வென்ற கோல்கீப்பர். 1930 போட்டிக்கு முன் அணி முழுவதையும் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் தங்க வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இரவில் வெளியே போகத் தடை. மசாலி அந்தத் தடையை மீறி வெளியே போனார். அவ்வளவுதான், உலகக் கோப்பை அணியிலிருந்தே நீக்கிவிட்டார்கள்! பயிற்சியாளர் ஆல்பெர்த்தோ சுப்பிசிக்கு அப்போது வயது 31. உள்ளூரில் நடக்கும் முதல் உலகக் கோப்பை, இருப்பவர்களிலேயே பெரிய கோல்கீப்பர், ஆனாலும் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. காஸ்த்ரோவின் கோலுக்குப் பின்னால் இந்தக் கண்டிப்பும் நிற்கிறது.

இனி பிரேசிலின் மரக்கானா அரங்கம். எதிரணியின் பிரம்மாஸ்திரம் அதுதான். 1950 ஜூலை 16. பிரேசில் ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கிவிட்டு வந்திருக்கிறது. டிரா செய்தாலே கோப்பை பிரேசிலுக்கு. அரங்கில் ஏறக்குறைய 2 லட்சம் பேர். இடைவேளை முடிந்ததும் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போடுகிறார். அப்போது உருகுவே கேப்டன் ஒப்துலியோ வரேலா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ரெஃப்ரியிடம் போய், ஆஃப்சைடு என்று வாதாடுகிறார். இதைத்தான் எதிரணித் தலைவர் "சிங்கத்தின் கர்ஜனை" என்றார்.

வரேலா துணிச்சல்காரர்தான். 1948-இல் உருகுவே கால்பந்து வீரர்கள் சம்பளத்துக்காகவும் உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். அவருக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அந்த நிமிடம் அவர் செய்தது கர்ஜனை அல்ல, கணக்கு! கோல் செல்லும் என்று அவருக்கும் தெரியும். கொந்தளித்த அரங்கத்தின் வேகத்தில் உடனே ஆடத் தொடங்கினால் இரண்டாவது, மூன்றாவது கோலும் விழும். அதனால் மெதுவாக நடந்தார், பேச்சை இழுத்தார், கூட்டத்தின் சூட்டை ஆற வைத்தார். பின்னாளில் அவரே இப்படித்தான் விளக்கியிருக்கிறார்.

சரி, கோல்கள் எப்படி விழுந்தன? 66-ஆம் நிமிடம் உருகுவேயின் அல்சிதேஸ் கிஜ்ஜியா வலது ஓரத்தில் பிரேசில் தடுப்பு வீரர் பிகோதேயைத் தாண்டி, கோல் கோட்டருகே போய், பந்தை உள்ளே தள்ளுகிறார். ஓடி வந்த ஷியாஃபினோ அடிக்கிறார். 1-1. 79-ஆம் நிமிடம் அதே ஓரம், அதே பிகோதே, அதே ஓட்டம். கோல்கீப்பர் பார்போசா மறுபடியும் பந்து உள்ளேதான் வரும் என்று நினைத்து ஒரு அடி விலகுகிறார். கிஜ்ஜியா அந்த இடைவெளியில் நேராக அடிக்கிறார். 2-1. எதிரியின் பலவீனம் எங்கே என்று கண்டுபிடித்து, அதே இடத்தில் இரண்டு முறை குத்தி, இரண்டாவது முறை எதிரி எதிர்பார்த்ததற்கு மாறாகச் செய்வதற்குப் பெயர் ஆட்ட அறிவு.

இந்த அறிவு வானத்திலிருந்து விழவில்லை. கிஜ்ஜியா, ஷியாஃபினோ, மிகெஸ், வரேலா, கோல்கீப்பர் மாஸ்போலி எல்லாரும் பெனியரோல் கிளப்பின் வீரர்கள். 1949-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் பட்டம் வென்ற அணி அது. வாரா வாரம் சேர்ந்து ஆடிய கால்கள். அதுவும் போகட்டும். மரக்கானாவுக்குப் பத்து வாரத்துக்கு முன்னால்தான், மே மாதத்தில், இதே பிரேசிலோடு ரியோ பிராங்கோ கோப்பைக்காக உருகுவே மூன்று முறை மோதியது. முதல் ஆட்டத்தில் பிரேசில் மண்ணிலேயே 4-3 என்று வென்றது. அடுத்த இரண்டிலும் ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது. உலகம் மரக்கானாவை அதிசயம் என்கிறது. அந்த மூன்று ஆட்டத்தையும் பார்த்தவன் அதிசயம் என்று சொல்லியிருக்க மாட்டான்.

எதிரணிக்கு இப்போது ஒரு சங்கடமான காலத்தை நினைவூட்டுகிறேன். 1970-இல் நான்காம் இடம் பிடித்ததற்குப் பிறகு, பல ஆண்டுகள், உருகுவே தன் மறத்தைப் பற்றித் தானே பேசிப் பேசி மயங்கியது. மறம் என்றால் காலை வாரிவிடுவது, முழங்கையால் இடிப்பது என்று ஆகிப்போனது. உச்சம் 1986 மெக்சிகோ. என்ஸோ பிரான்செஸ்கோலி மாதிரி ஒரு கலைஞன் அந்த அணியில் இருந்தார். தென்னமெரிக்க சாம்பியன் என்ற பெயரோடு போன அணி அது. டென்மார்க்கிடம் 6-1 என்று தோற்றது. அடுத்து ஸ்காட்லாந்தோடு ஆட்டம். ஒரு நிமிடம் முடிவதற்குள் ஹோசே பதிஸ்தா சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். மன உறுதிக்கு அங்கே பஞ்சமே இல்லை. திட்டம்தான் இல்லை.

அந்தக் குழியிலிருந்து உருகுவேயைத் தூக்கியவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார்! ஆஸ்கர் தபாரெஸ். எல்லாரும் அவரை 'மாஎஸ்த்ரோ', வாத்தியாரே என்றுதான் கூப்பிட்டார்கள். 2006 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறாமல் ஆஸ்திரேலியாவிடம் பெனால்டியில் தோற்ற பிறகு பொறுப்புக்கு வந்தார். வந்தவுடன் அவர் கேட்டது நட்சத்திர வீரர்களை அல்ல. 15 வயதுப் பையன்கள் முதல் தேசிய அணி வரைக்கும் ஒரே முறை, ஒரே பயிற்சி மையம், ஒரே நடத்தை என்று ஒரு நீண்டகாலத் திட்டத்தை எழுதிக் கொடுத்தார். உருகுவேயில் ஆறு வயதிலிருந்தே பல்லாயிரம் குழந்தைகள் 'பேபி ஃபுட்பால்' லீக்குகளில் ஆடுகிறார்கள். சுவாரெஸும் கவானியும் அப்படி வந்தவர்கள்தான். அந்த ஊற்றுக்குத் தபாரெஸ் ஒரு வாய்க்கால் வெட்டினார்.

2010 தென்னாப்பிரிக்காவில் நான்காம் இடம். கானாவோடு ஆடிய காலிறுதியில், கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் சுவாரெஸ் கையால் பந்தைத் தடுத்ததை "உயிரைக் கொடுத்துக் காத்தான்" என்றார் எதிரணித் தலைவர். அதை வீரம் என்று என்னால் கொண்டாட முடியாது. விதிப்படி வெளியேற்றப்பட்டார், கானா பெனால்டியைத் தவறவிட்டது, அவ்வளவுதான். அந்தப் போட்டியில் நான் கொண்டாடுவது வேறு. பிரான்ஸோடு 0-0 என்று முதல் ஆட்டம் சப்பென்று முடிந்தது. உடனே தபாரெஸ் தியேகோ ஃபோர்லானை முன்வரிசையிலிருந்து பின்னுக்கு இழுத்து, சுவாரெஸுக்கும் கவானிக்கும் பின்னால் நிறுத்தினார். அடுத்த ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 3-0. ஃபோர்லான் 5 கோலோடு, போட்டியின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை வாங்கினார். அடுத்த ஆண்டே அர்ஜென்டினா மண்ணில், காலிறுதியில் அர்ஜென்டினாவையே வெளியேற்றி, இறுதியில் பராகுவேயை 3-0 என்று வென்று 15-ஆவது கோபா பட்டம்.

நரம்பு நோய் கண்டு கைத்தடியை ஊன்றிக்கொண்டே 2018-இல் அணியைக் காலிறுதி வரை நடத்தினார் அந்த வாத்தியார். 2021-இல் அவர் போன பிறகும் அவர் வெட்டிய வாய்க்கால் ஓடுகிறது. 2023-இல் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதியில் இத்தாலியை 1-0 என்று வென்று உருகுவே முதன்முறையாக அந்தப் பட்டத்தை எடுத்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே ஒரு கேள்வி, முடித்துவிடுகிறேன். எனக்குப் பின் பேச வரும் எதிரணிச் சகோதரர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1958, 1978, 1982, 1994, 1998, 2006. இந்த ஆறு உலகக் கோப்பைகளுக்கும் உருகுவே தகுதிபெறவில்லை. அதே நாடு, அதே மக்கள், அதே நீலச் சட்டை. நீங்கள் சொன்ன அந்த ரத்தம் அப்போது எங்கே ஓடிக்கொண்டிருந்தது?

நன்றி, வணக்கம்.