கீகேப்பின் அடிப்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கணினி விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் மேலும் செருகப்பட்டிருக்கும் சிறிய மூடியைக் கீகேப் என்கிறோம். மெக்கானிக்கல் விசைப்பலகைகளில் இதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம் என்பதால், தமக்குப் பிடித்த நிறத்திலும் உருவத்திலும் ஐந்தோ பத்தோ கீகேப்களை வீட்டிலேயே ரெசினில், அதாவது ஊற்றியபின் இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசினில், வார்த்தெடுக்கும் பொழுதுபோக்கு பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. சென்னையில் இருந்துகொண்டு நானும் அதைச் செய்துவருகிறேன்.

பார்ப்பவர்கள் வியப்பதெல்லாம் மேற்புறத்தை. தெளிந்த ரெசினுக்குள் உறைந்த மீனையும் மலையையும் மண்டையோட்டையும். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு அது எளிய பாதிதான். கடினமான பாதி அடிப்பக்கம். செர்ரி நிறுவனம் 1980களில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ் வகைச் சுவிட்சின், அதாவது ஒவ்வொரு கீகேப்புக்கும் அடியில் இருந்து அழுத்தத்தை உணரும் பாகத்தின், உச்சியில் கூட்டல் குறி வடிவில் ஒரு தண்டு இருக்கும். இன்று வேறு பல நிறுவனங்களும் அதே வடிவத்தைப் பின்பற்றுகின்றன. அக்குறியின் குறுக்களவு சுமார் 4 மில்லிமீட்டர். கைகளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அதிலும் இரண்டு கைகளும் ஒரே தடிமன் அல்ல. கீகேப்பின் அடியிலுள்ள குழி மயிரிழை அகன்றால் மூடி ஆடும். மயிரிழை குறுகினால், கழற்றும்போது சுவிட்சையே பெயர்த்துக்கொண்டு வரும்.

முதலில் ஒரு சாதாரண கீகேப்பின் மேல் களிமண்ணால் உருவம் செதுக்கி, அதைச் சுற்றி, இறுகியபின் ரப்பர் போல வளையும் சிலிகானை ஊற்றி, மேல் பாதி, அடிப் பாதி என இரண்டு அச்சுகள் எடுக்கிறோம். பிளாட்டினம் வகைச் சிலிகானுக்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணோ லேடெக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். ஆகவே நைட்ரைல் கையுறையே ஏற்றது.

பிறகு ரெசின். பெரும்பாலோர் பயன்படுத்தும் பாலியூரித்தேன் ரெசினின் இரண்டு திரவங்களையும் கலந்தபின், வகையைப் பொறுத்து, சில நிமிடங்களே கையில் இருக்கும். அதன் ஒரு பாகத்திலுள்ள ஐசோசயனேட் ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு வெளியாகி, வார்ப்பு முழுவதும் நுரைத்துப்போகும். கடற்கரை நகரத்தில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், இது சிறிய தொல்லை அல்ல. கலக்கும் குச்சி மரமாக இருந்தால் அதிலுள்ள ஈரமே போதும். பிளாஸ்டிக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், திறந்த புட்டியை உடனே மூடிவிடுங்கள். ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழாய்க்குக் கேடு என்பதால், காற்றோட்டமுள்ள இடமும் வேதி ஆவியை வடிகட்டும் முகக்கவசமும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

கலக்கும்போது புகும் காற்றுக் குமிழிகளை ஒடுக்குவதற்கு, அச்சை அழுத்தக் கலனுக்குள் வைத்துச் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரை காற்றழுத்தம் ஏற்றுவார்கள். சமையலறைக் குக்கர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது, ஏறத்தாழ 15 பவுண்டில் இயங்கும் பாத்திரத்துக்குள் கம்ப்ரசர் காற்றைச் செலுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சிலிகான் அச்சையும் அதே அழுத்தத்தில்தான் இறுகவிட வேண்டும். இல்லையேல் அச்சின் சுவருக்குள் தங்கிய குமிழிகள் வார்க்கும்போது நசுங்கி, சுவர் அங்கங்கே உள்வாங்கி, கீகேப்பின் மேல் பருக்கள் போன்ற மேடுகள் எழும்பும்.

இனி மறுபடியும் அடிப்பக்கத்துக்கு வருவோம். கூட்டல் குறிக் குழியை உண்டாக்குவது அடி அச்சில் நிற்கும் மெல்லிய சிலிகான் தகடுகள். ஒவ்வொரு வார்ப்பையும் உருவும்போது இழுபடுபவை அவைதாம் என்பதால், அச்சில் முதலில் கிழிவதும் அவைதாம். மேல் அச்சு புதிது போலவே இருக்கும். குழி மட்டும் கோணலாகத் தொடங்கும். எனவே வார்த்த ஒவ்வொரு கீகேப்பையும், தனியே எடுத்துவைத்த ஒரு பழைய சுவிட்சில் பொருத்திப் பார்ப்பது என் வழக்கம். மேற்புறம் எவ்வளவு அழகாக வந்திருந்தாலும், அதில் ஆடுகிற மூடியை யாருக்கும் கொடுப்பதில்லை.

முதலில் களிமண்ணால் செதுக்கிய மூல வடிவத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள், அதை மேல் அச்சுக்குள் திரும்ப வைத்து, அடிப் பாதியை மட்டும் புதிதாக ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் ஊற்றுவதற்கு முன் மேல் அச்சின் விளிம்பெங்கும் ஒட்டாமல் பிரிப்பதற்கான பூச்சைத் தடவ மறக்கக் கூடாது. சிலிகானோடு சிலிகான் ஒட்டிக்கொண்டால் பிறகு கத்தியால்தான் பிரிக்க வேண்டியிருக்கும். வணக்கம்.